உம்மு குல்தூமின் மூச்சுக் கோடு

டாக்டர் பொன்னையா சுருட்டிய தாள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி வந்ததைப் பார்த்த அழகமுத்து, படத்துக்குச் சட்டம் போடத்தான் வருகிறார் என்று அளவுகோலைக் கையில் எடுத்துவிட்டார். மாத்தளை நகரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் டாக்டர் அவரைத் தாண்டிப் போய், நீர்வீழ்ச்சி வரைந்த திரைக்கு முன்னால் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த மக்கீனிடம் நின்றார்.

மக்கீன் ஓய்வுபெற்ற பொலிஸ் இன்ஸ்பெக்டர். ஸ்டூடியோவில் அவர் இருக்க இடம் கொடுத்ததற்குக் கைம்மாறாக, துப்பறியும் வேலை எது வந்தாலும் தன்னையும் கூட்டிப் போக வேண்டும் என்பது அழகமுத்துவின் ஒப்பந்தம். குற்றவாளியை முதலில் கண்டுபிடிப்பவர் எப்போதும் அழகமுத்துதான். சரியான குற்றவாளியைக் கண்டுபிடிப்பவர் மக்கீன்.

"மக்கீன், இந்தக் கோடு மெய்யா பொய்யான்னு பார்த்துச் சொல்லுங்க. அது தெரியல்லைன்னா திங்கக்கிழமை ஒரு பிள்ளையை வேலையை விட்டு அனுப்பணும். அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கல்ல" என்றார் டாக்டர்.

அவர் இரண்டு தாள்களை மேசையில் விரித்தார். முதல் தாளில் ஒரு கோடு தரையோடு தரையாக ஊர்ந்து, கொஞ்சம் தலை தூக்கி, களைத்துப் படுத்திருந்தது. இரண்டாவதில் கோடு எடுத்த எடுப்பிலேயே நிமிர்ந்து தாளின் பாதிக்கு மேல் போயிருந்தது. ஒரு குழாயில் ஊதினால் துருத்தி விரியும், அதோடு பிணைத்த பேனா முனை மூச்சின் அளவைத் தாளில் வரையும் என்று டாக்டர் விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத மூச்சு இப்படி மையில் நிற்பதைப் பார்த்து அழகமுத்து தாளை நோக்கிக் குனிந்தார். முகத்தைப் படம் பிடிப்பவர் அவர். உயிரையே படம் பிடிக்கும் யந்திரம் ஒன்று இருக்கிறதென்று அவர் நினைத்ததில்லை.

இரண்டு கோடுகளும் ஒரே பெண்ணுடையவை. பெயர் உம்மு குல்தூம், ஐம்பது தாண்டியவர், கலேவெலைக்கு அப்பாலுள்ள கிராமத்தவர். நாள்பட்ட சுவாசத்தடை நோய். நாலு சொல் பேசினால் ஐந்தாவது சொல்லுக்கு நின்று மூச்சு வாங்குவார். வாழ்க்கையில் பீடி தொட்டதில்லை. பிறகு ஏன் இந்த நோய் என்பது டாக்டருக்கே விளங்காத புதிர்.

சுவாசக் குழாயை விரிக்கும் ஒரு புதிய மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சி அது. நோயாளிகளில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்ற விபரம் கொழும்பில் பூட்டியிருந்தது. இலக்கமிட்ட போத்தல்கள் அங்கிருந்து வரும், மாதமொருமுறை ஜீப்பில் யந்திரத்தோடு கலேவெலைக்குப் போய் ஊதவைத்து, நர்ஸ் ராசம்மா மூலம் கொடுக்க வேண்டும். உம்மு குல்தூமின் கோடு திடீரென்று எழுந்ததும் டாக்டர் பூரித்துப் போய்க் கொழும்புக்கு எழுதினார். அந்த அம்மாளுக்குக் கொடுத்தது மாவு என்று பதில் வந்தது. மாவால் மூச்சு ஏறாது, யாரோ போத்தலை மாற்றியிருக்கிறார்கள், அவரை நீக்காவிட்டால் ஆராய்ச்சியையே நிறுத்துவதாகவும் எழுதியிருந்தார்கள்.

"போத்தல் ராசம்மா கையில. மாத்தினது ராசம்மாதான். மருந்தைத் தம்புள்ளைக் கடைக்காரன் யாருக்காவது வித்திருப்பா" என்று அழகமுத்து வழக்கை முடித்துவைத்தார்.

மக்கீன் அதைக் காதில் வாங்காமல், அந்த அம்மாள் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். டாக்டரின் முகம் மலர்ந்தது. அப்படியொரு நோயாளியைக் கண்டதில்லையாம். மாசி மாதத்தில் கணவர் இறந்துபோனாராம். அந்தத் துயரத்திலும் ஒரு மாதம்கூடத் தவறவில்லையாம். முன்பெல்லாம் ஊதிய அட்டைக்குழாய் வெற்றிலைச் சிவப்பாக வரும், இப்போது சுத்தமாக வருகிறது, சொன்ன பேச்சைக் கேட்டு வெற்றிலையையும் விட்டுவிட்டார் என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

"ஊதும்போது முகத்தைப் பார்ப்பீங்களா?"

"முஸ்லிம் பெண்கள். மறைப்புக்குப் பின்னால இருந்து ஊதுவாங்க. குழாயை மட்டும் நான் நீட்டுவேன். அவங்க மரியாதையை நான் கெடுக்க மாட்டேன்."

"ஒரு மாசம் வராட்டி?"

"பேரை வெட்டிருவோம். மருந்தும் கிடையாது. ஆரம்பத்திலேயே கண்டிப்பாச் சொல்லியிருக்கேன்."

மக்கீன் பத்திரிகையை மடித்தார். அன்று பின்னேரமே ஆஸ்பத்திரிக்குப் போய் ராசம்மாவைப் பார்த்தார். மிளகுத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அந்தத் தோட்டத்திலிருந்து முதன்முதலாக வெள்ளைச் சீருடை போட்ட பிள்ளை அவள். அழுது முடித்த முகத்தோடு நேராக நின்றாள்.

"எது மருந்து, எது மாவுன்னு எனக்கே தெரியாதுங்க. மாத்தி எனக்கு என்னங்க ஆகப்போகுது?"

உம்மு குல்தூமுக்குக் கடைசியாக மாத்திரை கொடுத்தது நினைவிருக்கிறதா என்று மக்கீன் கேட்டார். முக்காடு மூக்குவரை இறங்கியிருந்ததால் முகம் தெரியவில்லை என்றாள் ராசம்மா. பிறகு யோசித்துச் சொன்னாள்: "கைதாங்க ஞாபகம் இருக்கு. கை நிறைய பச்சைக் கண்ணாடி வளையல். போத்தலை வாங்கினப்போ கலகலன்னுச்சு. பாவம், நோயாளி ஆசையா போட்டிருக்காங்கன்னு நினைச்சேன்."

மக்கீன் அவளை நிமிர்ந்து பார்த்து, நாளைக்கு ஜீப்பில் நீயும் வா மகள், யந்திரத்தையும் ஏற்று என்றார். வரும் வழியெல்லாம் வளையலில் என்ன இருக்கிறது என்று அழகமுத்து குடைந்துகொண்டே வந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வயல்களை ஒட்டிய உம்மு குல்தூமின் ஓட்டு வீட்டின் முன்னறையில் டாக்டரையும் சேர்த்து நால்வரையும் உட்காரவைத்து, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தேநீர் கொண்டுவந்தாள். உம்மு குல்தூமின் தங்கை ஜெஸீமா, பக்கத்து வீட்டில் இருப்பவள். தட்டை நீட்டிய கைகளில் பச்சை வளையல்கள் கலகலத்தன. ராசம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

உள்ளறை வாசலில் கனமான திரை தொங்கியது. மக்கீன் அதைப் பார்த்து ஸலாம் சொல்லி, சுகமா என்று கேட்டார். உள்ளிருந்து குரல் வந்தது.

"வஅலைக்குமுஸ்ஸலாம், அல்ஹம்துலில்லாஹ் நல்லா ஈக்கிறேன், தூரத்துல இருந்து வந்து ஈக்கிறீங்க, தேத்தண்ணி ஆறிப் போக முன்னம் குடிங்க."

டாக்டரின் கோப்பை உதட்டருகே நின்றது. ஏனென்று அழகமுத்துவுக்குப் புரியவில்லை.

"டாக்டர்," என்று மெல்லத் தொடங்கினார் மக்கீன், "புருஷன் மவுத்தானா எங்க பொம்புளைங்க இத்தா இருப்பாங்க. நாலு மாசமும் பத்து நாளும். வீட்டை விட்டு வெளிய வரமாட்டாங்க, பிற ஆம்பிளைக்கு முகம் காட்ட மாட்டாங்க, நகை நட்டு, வளையல் ஒண்ணும் போட மாட்டாங்க. மாசி மாசம் புருஷனை அடக்கின பொம்புளை உங்க கிளினிக்குக்கு வளையலோட வந்தாங்கன்னு ராசம்மா சொன்னப்பவே, வந்தது அவங்க இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. வெற்றிலைக் கறை இல்லாத குழாய் இன்னொரு வாயோடது. அந்த உயரமான கோடு இன்னொரு நெஞ்சோடது."

ஜெஸீமா தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். மறுக்கவில்லை. "ஒரு மாசம் போகாட்டிப் பேரை வெட்டுவாங்க எண்டு சென்னாங்க. அந்தக் குளிசைலதான் உசிர் நிக்கிது எண்டு ராத்தா நம்பி ஈந்தா. அதான் அவ பேர்ல நான் போய் ஊதினேன். ஊதுறதுல என்ன ஈக்கி, வந்தாச்சு எண்டு காட்டத்தானே எண்டு நெனச்சேன்."

ஊதுவது அளவெடுக்க என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வரவு இடாப்பில் கைநாட்டு வைப்பது போல, அக்காவுக்காக மூச்சை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த ஏமாற்றில் கோபப்பட இடமிருக்கவில்லை. டாக்டர் ராசம்மாவின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். தப்புப் பண்ணிட்டேன் பிள்ளை, மன்னிச்சுக்கோ என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கண் நிறைந்திருந்தது.

"ஆக, அதிசயம் ஒண்ணும் இல்ல" என்று தாளைச் சுருட்டத் தொடங்கினார் டாக்டர்.

"இருங்க" என்றார் மக்கீன். "நாலு சொல்லுக்கு மேல பேச முடியாதவங்கன்னு சொன்னீங்க. இப்ப எங்களுக்குத் தேத்தண்ணி குடிக்கச் சொன்னாங்களே, எங்க நின்னு மூச்சு வாங்கினாங்க?"

அறையில் எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

ராசம்மா யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு திரைக்குள் போனாள். பெண்ணுக்குப் பெண் அளப்பதில் தடையேதுமில்லை. உள்ளே அவள் மெதுவாகச் சொல்லிக்கொடுப்பது கேட்டது. ஒரு நீண்ட ஊதல். மறுபடி ஒன்று. மறுபடியும் ஒன்று. வெளியே அழகமுத்து தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் கொண்டுவந்த தாளை டாக்டர் பழைய தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். கோடு ஜெஸீமாவின் உயரத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் பழைய கோட்டுக்கு மேலே, ஒரு விரற்கடை இடைவெளி விட்டுத் தனியே ஓடியது. மூன்று ஊதலும் அதே இடத்தில்தான் போய் நின்றிருந்தன.

"இந்த நோய் இறங்கத்தான் செய்யும். ஏறி நான் பார்த்ததே இல்ல" என்றார் டாக்டர். "மாவைத் தவிர வேற ஒண்ணும் குடுக்கல்லையே."

மக்கீன் ஜெஸீமாவிடம் அடுப்படி எங்கே என்று கேட்டார். அவள் பின்பக்கம் கூட்டிப் போனாள். சன்னல் இல்லாத சின்ன அறை. கூரைக் கம்பிலிருந்து புகைக்கரி நூல் நூலாகத் தொங்கியது. சுவரில் வைத்த விரல் கறுத்துத் திரும்பியது. உம்மு குல்தூம் கலியாணம் முடித்து வந்த நாள் முதல், கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பதற்காக விடியற்கால ஸுப்ஹுத் தொழுகைக்கு முன்னமே எழுந்து ஈர விறகை ஊதி ஊதி எரித்தது இங்கேதான். இத்தா தொடங்கியதிலிருந்து சமையல் ஜெஸீமாவின் வீட்டில். ராத்தா முன்னறைக்கு அடுத்த அறையில், சன்னல் பக்கமாக இருந்துவிட்டார். இந்த அடுப்பு இத்தனை மாதமாக எரியவில்லை.

டாக்டர் அந்தக் கரிய அறையில், கோயிலுக்குள் நிற்பவர் போல நின்றார். அவருடைய நோயாளிகளில் பாதிப் பேர் பீடி தொடாத பெண்கள். அத்தனை பேருக்கும் இப்படியொரு அடுப்படி இருக்கும். இரண்டு வருடமாக அவர் போத்தலுக்குள் தேடியதை, ஒரு துக்க வழக்கம் யாரும் கேட்காமலே சோதித்துப் பார்த்திருந்தது.

"ஒரு ஆளை வச்சு ஒண்ணும் முடிவு கட்ட முடியாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஆனா இனி எங்க பார்க்கணும்னு தெரிஞ்சு போச்சு. அளக்கிறது ராசம்மா. வீடு வீடாப் போகணும்."

இத்தா முடிவதற்குள் அந்தச் சுவரில் சன்னல் வைத்துவிட வேண்டும் என்று மக்கீன் ஜெஸீமாவிடம் சொன்னார். நாளைக்கே மேசனைக் கூட்டி வருகிறேன் என்றார் அழகமுத்து. இந்த வழக்கில் அவர் சொன்ன ஒரே சரியான வார்த்தை அது.

புறப்படும்போது திரைக்குப் பின்னிருந்து குரல் வந்தது. "டாக்டர் ஐயா, அந்தக் குளிசைய விட்டுறாம குடிக்கோணுமா?"

டாக்டர் தயங்கினார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "அம்மா, அது மருந்து இல்ல. வெறும் மாவு."

"மாவா?" என்றார் உம்மு குல்தூம். "எவ்வளவு மாவு இந்தக் கையால பிசைஞ்சு ஈக்கிறேன். அதையா போத்தல்ல போட்டு எனக்கே தந்தீங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். முதலில் மெல்லவும் பிறகு வாய்விட்டும் சிரித்தார். ஜெஸீமா பழக்கத்தில் தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு திரையை நோக்கி ஓடினாள், ராத்தாவின் சிரிப்பெல்லாம் இருமலில்தான் முடியும். திரையருகே போய் நின்று காது கொடுத்தாள். சிரிப்பு தானாக ஓய்ந்தது. இருமல் வரவில்லை.

அவள் கோப்பையோடு அங்கேயே நின்று அழுதாள்.