போலிப் பகா எண்

காலை பத்து மணிக்குள் இறைவி முப்பத்திரண்டு எண்களைச் சோதித்திருந்தாள். நாகப்பட்டினம் எண்ணகத்தில் பதினோரு வருடமாக இதே வேலை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அறுநூறு இலக்கப் பகா எண் ஒன்று உண்டு. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாத அந்த எண்தான் அதன் கையெழுத்து, வீட்டுச் சாவி, எல்லாமே.

படகு மெக்கானிக் பிலவேந்திரன் மூச்சிரைக்க ஓடி வந்து நின்றான்.

"மேடம், ஆஸ்பத்திரி மெஷின் என் எண்ணை ஏத்துக்க மாட்டேங்குது. உள்ள என் சம்சாரம் துடிக்கிறா. புள்ள குறுக்க கெடக்குது, ஆபரேஷன் பண்ணணுமாம். புருசன் கையெழுத்து விழாம தியேட்டர் கதவு தொறக்காதாம்."

இறைவி அவன் எண்ணைச் சோதனையில் போட்டாள். பழைய சோதனைகளில் தேறியது. புதிய சோதனை நான்காம் நிமிடம் நின்றது. திரையில் இரண்டு காரணிகள்.

"உங்க எண் வகுபடுதுங்க. பகா எண் மாதிரியே நடிச்சிருக்கு. பழைய சோதனை ஏமாந்துடுச்சு."

"நாப்பத்தோரு வருசமாவா? அப்ப நான் யாரு மேடம்?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். உடைந்த எண்ணை நாற்பது நிமிடத்தில் இயந்திரமே பொதுப்பலகையில் வெளியிட்டு ரத்து செய்துவிடும். புது எண் வர ஏழு நாள் ஆகும்.

"யாராவது ஜாமீன் கையெழுத்துப் போடலாம். சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"கடல் ஊருக்குள்ள ஏறுன வருசமே எல்லாரும் போய்ட்டாங்க."

ஜாமீன் என்றால் இருவர் எண்களையும் பெருக்கி, பெருக்குத்தொகையை எல்லோரும் பார்க்கும்படி பதிவது. அதைப் பிரித்தெடுக்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. ஆனால் ஒரு எண் தெரிந்துவிட்டால் போதும். ஒரே வகுத்தலில் மற்றதும் வெளியே வந்துவிடும். அவன் எண்ணோ இன்னும் முப்பத்தொரு நிமிடத்தில் ஊருக்கே தெரியப்போகிறது.

இறைவி தன் எண்ணை உள்ளிட்டாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல மேடம்?"

"ஆவாது. நீங்க ஓடுங்க."

மூன்றாவது நிமிடம் தியேட்டர் கதவு திறந்ததாகச் செய்தி வந்தது. பதினொன்றரைக்கு எவனோ வகுத்துப் பார்த்துவிட்டான். அவள் எண்ணும் ரத்தாகி, திரை அணைந்தது. அன்று மாலை வீட்டுக் கதவும் திறக்கவில்லை.

எட்டாம் நாள், புது எண்ணுக்கான வரிசையில் அவளும் பிலவேந்திரனும் முன்பின்னாக நின்றார்கள். கவுண்டரில் இருந்தவன் அவளோடு பல வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவன்தான். இருந்தும் தலை நிமிராமல் கேட்டான்.

"எண் உள்ள ஒருத்தர் உங்களைத் தெரியும்னு சொல்லணும்."

இறைவி சுற்றிலும் பார்த்தாள். பெஞ்சிலிருந்து பிலவேந்திரனின் மனைவி ஆரோக்கியமேரி வயிற்றுத் தையலைப் பிடித்தபடி மெல்ல எழுந்து வந்தாள். தோளில் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும்."

"என்ன உறவு?"

மேரி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"நாத்தனா. எழுதிக்குங்க."