ஒரே கூரை, மூன்று கடை

ஞாயிற்றுக்கிழமை, ஆகஸ்ட் 24. மாலை 5.40.

கீழே சந்தில் சிங்க நடனத்துக்கு முரசு முழங்கிக்கொண்டிருந்தது. மேலே, பதினேழாம் எண் கடைவீட்டின் மாடிக் கதவை இரண்டு பேர், ஒருவர் விழாவுக்கு உதவ வந்த தொண்டூழியர், தோளால் இடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்து, கதவு உள்பக்கம் சாய்ந்தது.

முதலில் உள்ளே ஓடியவர் இருபத்தொன்றாம் எண்ணில் சலூன் வைத்திருக்கும் தயாளன். மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டியிருந்தார். "மோனிக்கா, நீ வெளிய நில்லும்மா! யாரும் வராதீங்க!" என்று கத்திக்கொண்டே சன்னல்களைத் திறந்துவிட்டு, கட்டிலில் கிடந்த பால்ராஜின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

பால்ராஜ் எழவில்லை.

வாசலில் நின்ற மகள் மோனிக்காவின் கையிலிருந்து சாப்பாட்டுத் தூக்கு நழுவிப் படிக்கட்டில் உருண்டது. கீழே முரசு நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லி யாருக்கும் தோன்றவுமில்லை.

மாலை 6.15.

இன்ஸ்பெக்டர் ரூபினி படியேறி வந்தபோது மேடையில் மைக் இல்லாமலே நன்றியுரை நடந்துகொண்டிருந்தது. அவள் சுங்கை பினாங் அடுக்குமாடியில் வளர்ந்தவள். பள்ளிக்கூட நாளில் வீட்டு மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு இந்தச் சந்துக்கு நடந்து வந்திருக்கிறாள். அந்த விசிறியைச் சரிசெய்து கொடுத்தவர் இந்த பால்ராஜ்தான் என்பது கட்டிலருகே நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது.

பினாங்கின் லிட்டில் இந்தியாவை ஒட்டிய சந்து அது. பத்து ஆண்டுகளாகப் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. வாடகை ஏறியவர்கள் போனார்கள், வாடிக்கை குறைந்தவர்கள் போனார்கள். இந்த ஆண்டு ஒரு கம்பெனி வந்து, 'பழைய நகருக்குப் புது மூச்சு' என்று பேனர் கட்டி, சுவருக்கு வண்ணம் பூசி, ஞாயிறுதோறும் சந்தை நடத்தத் தொடங்கியது. இரண்டு ஞாயிறு ஒத்திகை, இன்று அதிகாரபூர்வத் திறப்பு விழா.

பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று. மூன்று கடைக்கும் ஒரே கூரை. மாதக் கடைசிக்குள் மூன்றும் காலியானால்தான் கூரை வேலை தொடங்க முடியும். பத்தொன்பது ஏற்கெனவே காலி. தயாளன் காலி செய்யச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மின்சாமான் பழுது பார்க்கும் பால்ராஜ் மட்டும் போடவில்லை.

ரூபினி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இரண்டு சன்னல்களின் இடுக்குகளிலும் பழுப்பு டேப் ஒட்டியிருந்து, இப்போது கிழிந்து தொங்கியது. மேசையில் பாதி தீர்ந்த பனடோல் தலைவலி மாத்திரை அட்டை. பால்ராஜின் முகம் வெயிலில் நின்றவர்போல் சிவந்திருந்தது. காயம் எதுவுமில்லை.

மூலையில் ஒரு கூண்டு. உள்ளே மெர்போக் புறா ஒன்று கால்களை மடக்கிச் செத்துக் கிடந்தது.

"யூசுப், கூண்டுல தீனி இருக்கா?"

கோப்ரல் யூசுப் குனிந்து பார்த்தார். மலாய் வழக்கப்படி அவளை 'புவான்', அம்மணி, என்றுதான் அழைப்பார். "நிறைய இருக்கு, புவான். தண்ணியும் இருக்கு."

போன் அடித்தது. மேலதிகாரி. அறுபத்து நான்கு வயது, மாரடைப்பு, விழா நாளில் பெரிதாக்க வேண்டாம் என்றார்.

"மாரடைப்புன்னா மனுசனுக்கு மட்டும்தான் வரணும், சார்," என்று சொல்லிவிட்டு ரூபினி வைத்தாள்.

மாலை 6.50.

மோனிக்கா படியிலேயே உட்கார்ந்திருந்தாள். சிந்திய மீன் குழம்பை யாரோ செய்தித்தாள் போட்டு மூடியிருந்தார்கள்.

"புக்கிட் மெர்தாஜாம்லேருந்து வந்தேன்கா. அஞ்சரைக்குத் தட்டுறேன், பேச்சே இல்ல. பயந்துபோயி தயாளன் அங்கிளக் கூப்பிட்டேன்."

"அப்பாவுக்கு ஒடம்பு எப்படி?"

"நல்லாதான் இருந்தாரு. போன ஞாயித்துக்கெழம தலைவலின்னு போன் பண்ணாரு. அதுக்கு முந்தின ஞாயிறும் அதே கதை. திங்கக்கெழம ஆனா சரியாயிடும். சந்தை சத்தம்தான் காரணம்னு சொல்வாரு."

"சன்னல்ல ஏன் டேப்?"

"பக்கத்துக் கடையில ஒடச்சு தூசியா கெளப்புறாங்க. நேத்துதான் ஒட்டினாரு. தனியா ஏணியில ஏறாதீங்கப்பான்னு திட்டினேன். தயாளன்தான் ஏணியப் புடிச்சான், பயப்படாதேன்னாரு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இந்த மீன் குழம்பு கூட எனக்காகத்தான்கா சாப்பிடுவாரு. கோவிட் வந்ததுலேருந்து அவருக்கு வாசனையே தெரியாது."

"அது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்களுக்கு. அங்கிளுக்கு. வேற யார்கிட்ட அப்பா பேசுவாரு?"

இரவு 7.10.

தயாளன் தன் சலூன் நாற்காலியில் தானே உட்கார்ந்திருந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"இருவத்தாறு வருசம், மா. தெனம் பன்னெண்டரைக்குச் சேர்ந்து சாப்பிடுவோம். இன்னைக்கும் சாப்பிட்டோம். ஒரு மணிக்குத் தூங்கறேன்னு போனான்."

"அதுக்கப்புறம்?"

"நாலு மணிக்கு எப்பவும் போல டீ கொண்டுபோனேன். தட்டினேன். தூங்கறான்னு நெனச்சுத் திரும்பிட்டேன்."

கம்பெனியின் திட்ட மேலாளர் ஷாருல் மேடைக்குப் பின்னால் நின்று மலாயில் பதில் சொன்னான். நண்பகலிலிருந்து மேடையை விட்டு இறங்கவே இல்லை, படங்கள் இருக்கின்றன.

"மேடைக்குக் கரண்ட்?"

"ஜெனரேட்டர். விருந்தினருக்குச் சத்தம் தொந்தரவாக இருக்குமென்று பத்தொன்பதுக்குள்ளே வைக்கச் சொன்னேன். ஒரு மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு நிறுத்துவோம். முதல் வாரத்திலிருந்தே அப்படித்தான்."

"சாவி?"

"இரண்டு. ஒன்று என்னிடம். இன்னொன்று தயாளனிடம். ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்வது அவர்தான்."

திங்கட்கிழமை, காலை 9.20.

பிணவறை மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இரத்தப் பரிசோதனை நாளைக்கு வரும். ஆனால் இந்தச் சிவப்பைப் பார்த்தால் கார்பன் மோனாக்சைடு. எரிபொருள் புகை."

"எத்தனை மணிக்கு?"

"இரண்டரைக்கும் ஐந்துக்கும் நடுவில். அதைவிடக் கச்சிதமாக யாராலும் சொல்ல முடியாது."

காலை 10.30.

பத்தொன்பதின் தரையில் சிமெண்டுத் தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஜெனரேட்டரின் சக்கரத் தடம் முன்வாசலிலிருந்து நேராகப் பின்னால் போய், பதினேழோடு சேர்ந்த பொதுச் சுவரருகே நின்றது. சுவரில் தலைக்கு மேலே, மாடித் தள உயரத்தில், பழைய தண்ணீர்க் குழாய் போன ஓட்டை ஒன்று. அதன் விளிம்பு மட்டும் கறுத்திருந்தது.

பதினேழில் அந்த ஓட்டை எங்கே திறக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. யூசுப் மாடி அறையின் துணி அலமாரியை நகர்த்தினார். அலமாரியின் முதுகில் தட்டளவுக்கு ஒரு கருவட்டம். அது நின்ற இடத்தில், சுவரில் தரைப்பலகையை ஒட்டி, ஓட்டை.

பத்தொன்பதின் வாசலில் கிடந்த இரும்புக் குப்பைத்தொட்டியைக் கிளற அரை மணி நேரம் ஆனது. உடைந்த ஓடுகளுக்கு அடியில், இழுத்து நீட்டக்கூடிய அலுமினியக் குழாய் ஒன்று கிடைத்தது. சமையல் புகையை வெளியே விடுவதற்குப் பொருத்தும் வகை. ஒரு முனை தீய்ந்திருந்தது. உள்பக்கம் முழுக்கக் கரி.

"அப்ப இது தற்செயல் இல்ல, புவான்."

"இல்ல. ஜெனரேட்டர் உள்ளே இருந்தது ஷாருலோட முட்டாள்தனம். குழாயை மாட்டினது வேற ஒருத்தர்."

"சாவி ரெண்டு பேர்கிட்ட. ஷாருல் மேடையில. மிச்சம் ஒரு ஆள்தான். ஆனா அவரு, குழாயை யாரு மாட்டினாங்கன்னே தெரியாது, வாசல் தொறந்துதான் கெடந்துச்சும்பாரே. வேலையாளுங்க வந்து போற எடம்."

"சொல்லட்டும்," என்றாள் ரூபினி. "கதவ இடிச்ச அந்தத் தொண்டூழியர் வீடியோ எடுத்தாராமே, அத வாங்கிட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.00.

இரத்தப் பரிசோதனை முடிவு காலையிலேயே வந்துவிட்டது. சலூனில் வாடிக்கையாளர் யாருமில்லை. தயாளன் கத்தரிக்கோல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து ஒரு பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். ரூபினி தன் போனைக் கண்ணாடி முன்னால் நிறுத்திவைத்தாள்.

"இதப் பாருங்க, அங்கிள்."

சிறிய திரையில் மாடிப்படி. மேலிருந்து தூசி கொட்டுகிறது. தொண்டூழியர் ஒரு கையில் போனைப் பிடித்தபடி தோளால் இடிக்கிறார், தயாளனும் இடிக்கிறார். இரண்டாவது இடியில் தாழ்ப்பாள் ஆடுகிறது. தயாளன் ஒரு நொடி நிற்கிறார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கில் கட்டுகிறார். மூச்சை ஆழமாக இழுக்கிறார். பிறகு மூன்றாவது இடி.

"ஏன் துண்டு கட்டினீங்க?"

"தூசி, மா. பாத்தீங்கள்ல."

"அஞ்சு நிமிசமா அதே தூசியில நின்னீங்க. தலையெல்லாம் வெள்ளையாயிருச்சு. அப்பல்லாம் கட்டல. கதவு தொறக்கப் போவுதுன்னு தெரிஞ்சதும் கட்டினீங்க."

அவர் இன்னொரு கத்தரிக்கோலை எடுத்துத் துடைத்தார்.

"பொண்ண உள்ள விடல. எல்லாரும் அத அக்கறைன்னு நெனச்சாங்க. எனக்கும் மொதல்ல அப்படித்தான் பட்டுச்சு. உள்ள போயி என்ன செஞ்சீங்க? இருவத்தாறு வருசப் பழக்கம், ஆள் கட்டில்ல கெடக்குறாரு. யாரா இருந்தாலும் கட்டிலுக்குத்தான் ஓடுவாங்க. நீங்க சன்னலுக்கு ஓடி டேப்பைக் கிழிச்சீங்க. அந்த ரூம்ல மூக்க மூடற அளவுக்கு வாடை ஏதுமில்லன்னு பின்னாடி வந்தவங்க எல்லாரும் சொல்றாங்க. அங்க காத்துல என்ன இருக்குன்னு கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சவரு இந்தச் சந்துல ஒரே ஒருத்தர்தான், அங்கிள்."

வெளியே ஒரு டிரைஷா வண்டி மணியடித்துக்கொண்டு போனது. தயாளன் பெட்டியை மூடினார். மூடிய கை அதன் மேலேயே இருந்தது.

"கொல்லணும்னு நெனைக்கல," என்றார். "அவன் போகலன்னா கூரை வேலை இல்ல. வேலை இல்லன்னா மூணு கடையையும் ஹோட்டலுக்கு வித்துருவோம்னு ஷாருல் சொன்னான். அவன் போனான்னா, வேலை முடிஞ்சு எனக்கு இதே இருவத்தொண்ணு திரும்பக் கெடைக்கும். பழைய காலத்து சலூனுன்னு வச்சுக்கறாங்களாம், டூரிஸ்ட் பாக்கறதுக்கு. எனக்கு வேற என்ன தெரியும்? அவன்கிட்ட கெஞ்சினேன், மா. மக கூப்பிடுறால்ல, போயேண்டான்னேன். நீ போ, நான் இருக்கேன்னான்."

"அதனால?"

"அவனுக்குத்தான் புகை வாடை தெரியாதே. தலைவலி வந்தா மக வீட்டுக்குப் போயிடுவான்னு நெனச்சேன். மொத வாரம் ஒரு மணி நேரம் விட்டேன். போகல. அடுத்த வாரம் ரெண்டு மணி நேரம். பனடோலப் போட்டுட்டு உக்காந்திருந்தான்."

"சனிக்கெழம டேப் ஒட்டறப்ப ஏணியப் புடிச்சது நீங்க."

தயாளன் பெட்டியின் கொக்கியை மாட்டினார்.

"ஞாயித்துக்கெழம நாலு மணிக்குத் தட்டினீங்க. பேச்சில்ல. அப்பவே தெரிஞ்சிருக்கணுமே."

"தெரிஞ்சுது."

"ஜெனரேட்டர் அஞ்சு மணிக்குத்தான் நின்னுச்சு."

தயாளன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். தன்னைப் பார்க்கவில்லை.

"மேடையில பாட்டு ஓடிட்டிருந்துச்சு," என்றார். "நிறுத்தினா மைக் போயிடும். ஏன் நிறுத்தினேன்னு எல்லாரும் கேப்பாங்க. என்னன்னு சொல்றது? டீயக் கையில வச்சுக்கிட்டுப் படியிலயே நின்னேன். டீ ஆறிப்போச்சு. அப்புறம் கீழ வந்துட்டேன்."

யூசுப் தலையைத் திருப்பிக்கொண்டார். ரூபினி விலங்கை எடுத்தாள். தயாளன் தானாகவே இரண்டு கைகளையும் நீட்டினார்.

புதன்கிழமை, காலை 9.45.

ஷாருல் நிலையத்துக்கே வந்துவிட்டான். போலீஸ் நாடாவை எப்போது அவிழ்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். மூன்று கடையும் காலியாகிவிட்டதால் ஒப்பந்தக்காரர் திங்கட்கிழமையே கூரையைப் பிரிக்கத் தயாராம்.

"தயாளனுக்குக் கடையைத் திருப்பித் தருவதாகச் சொன்னீர்களா?"

"முதல் வரைபடத்தில் இருந்தது, புவான். பிறகு மாறிவிட்டது." ஒரு தாளை மேசைமேல் வைத்தான். "விழா முடிந்ததும் சொல்லலாமென்று இருந்தோம். முன்னாடியே சொன்னால் கலாட்டா ஆகும்."

ரூபினி தாளைப் படித்தாள். அவனை உட்காரச் சொல்லவில்லை. அவன் போகும்வரை நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

பத்து மணிக்கு மோனிக்கா போன் செய்தாள். அழுகை தீர்ந்துபோன குரல். "அக்கா, நாலு மணிக்கே கதவ ஒடச்சிருந்தா அப்பா பொழைச்சிருப்பாரா?"

"தெரியலம்மா," என்றாள் ரூபினி. மருத்துவரும் அதைத்தான் சொல்லியிருந்தார்.

காலை 11.00.

தயாளன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா, மா? நான் இல்லன்னா, அந்தச் சலூனுக்கு வேற ஆளத் தேடுவாங்களா? பட்டர்வொர்த்ல எனக்கு ஒரு பையனத் தெரியும். நல்லா வெட்டுவான்."

எப்படியும் நீதிமன்றத்தில் வந்துவிடும். அங்கே எல்லோர் முன்னாலும் கேட்பதைவிட இங்கே கேட்கட்டும் என்று, ரூபினி கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவர் முன் நகர்த்தினாள்.

அவர் அதைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். "எழுத்து பொடிசா இருக்கு. கண்ணாடி கடையில கெடக்கு. நீங்களே படிங்க."

"பதினேழு, நினைவுப் பொருள் கடை. பத்தொன்பது, உணவகம். இருபத்தொன்று, கோப்பிக் கடை."

"இது எப்பப் போட்டது?"

"ஆகஸ்ட் ஆறு."

தயாளன் விரல்விட்டு எண்ணினார். முதல் ஒத்திகைச் சந்தை பத்தாம் தேதி. அவர் முதல் தடவை குழாயை மாட்டியதும் அன்றைக்குத்தான்.

"மறுபடி படிங்க," என்றார்.

அவள் மறுபடி படித்தாள்.