மூன்று தட்டு

பிற்பகல் மூன்று மணிக்கு டிரைவர் வண்டியை எடைமேடையில் ஏற்றி நிறுத்தினான். டிரெய்லரில் ஏழு இரும்புச் சுருள்கள். காற்றே இல்லை. கிரீஸும் சூடான ரப்பரும் நாறின.

கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் இருந்த எடைக்கார அம்மா ஒலிபெருக்கியில் பேசினாள். மொத்த எடை சரி, பின் அச்சில் மட்டும் அறுபத்து நான்கு கிலோ அதிகம் என்றாள். உங்கள் வண்டிக்குப் பின்பக்கம்தான் பெருத்துக் கிடக்கிறது என்று கேலியும் செய்தாள்.

அவன் சிரிக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை அதிக பாரத்துக்காகப் பிடிபட்டவன். சோதனைச்சாவடியில் இன்னொரு முறை மாட்டினால் விசாரணை வைப்பார்கள். விசாரணை என்றால் நான்கு மாதத்துக்கு முந்தைய சாவின் கோப்பையும் பிரிப்பார்கள். பிரித்தால் மனைவிக்குத் தெரிந்துவிடும். அவள் தம்பி கால் வழுக்கி விழுந்து செத்தான் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான்.

தம்பி வழுக்கவில்லை.

பின் அச்சின் பாரத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. டிரெய்லரின் சக்கரங்களை மேலே உள்ள இரும்புச் சட்டத்தோடு பிணைத்திருக்கும் பூட்டுக்கம்பிகளைத் துளைகளிலிருந்து உருவ வேண்டும். அந்தச் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் போட்டுவிட்டு வண்டியை ஒரு சாண் முன்னால் இழுக்க வேண்டும். சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்கும். மேலே இருக்கும் சட்டம் பாரத்தோடு முன்னால் வழுக்கும். முன் சக்கரங்கள் கொஞ்சம் சுமையை வாங்கிக்கொள்ளும். கீழே ஒருவர், ஸ்டியரிங்கில் ஒருவர். கீழே இருப்பவர் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டினால் இரு என்று அர்த்தம். மூன்று தட்டினால் நகர்.

அன்று மைத்துனன் கீழே இருந்தான். இரண்டு தட்டு கேட்டது. மூன்றாவது எஞ்சின் சத்தத்தில் அமுங்கியிருக்கும் என்று நினைத்து டிரைவர் வண்டியை எடுத்தான். சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பையனின் நெஞ்சு நொறுங்கியது. உயிர் போகப் பதினொரு நிமிடம் ஆனது.

அதே எடைமேடைதான்.

இப்போதெல்லாம் அவன் தனியாகவே செய்வான். இறங்கிக் கம்பிகளை உருவினான். ஏறி ஒரு துளை அளவுக்கு வண்டியை இழுத்தான். இறங்கிப் பூட்டினான். நூற்றைம்பது கிலோவாவது குறைந்திருக்க வேண்டும்.

அதே அறுபத்து நான்கு அதிகம் என்றாள் எடைக்கார அம்மா.

இன்னொரு துளை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அறுபத்து நான்கு.

ஒலிபெருக்கி கரகரத்தது. “கீழ இருக்கிறவரை வெளிய வரச் சொல்லுங்க. ஆளை வெச்சுக்கிட்டு எடை போட முடியாது.”

“யாரு?”

“உங்க கூட வந்தவருதான். சக்கரத்துக்கு நடுவுல கால் தெரியுதே.”

அவன் இரும்புத் தடியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தான். கிரீஸ் வாடைக்கு அடியில் வேறொரு வாடை வந்தது. பச்சை ரத்தம்.

குனிந்தான்.

சக்கரங்களுக்கு நடுவில் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். முகம் முழுசாக இருந்தது. கழுத்துக்குக் கீழே நெஞ்சு காகிதம்போல் தட்டையாகி, விலா எலும்புகள் சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றன. வாயிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக டயரில் விழுந்தது.

“நான் இன்னும் தட்டலையே, மாமா.”

டிரைவர் தடியை ஓங்கி அந்த முகத்தில் இறக்கினான். தாடை பெயர்ந்து தொங்கியது. மறுபடி அடித்தான். மறுபடி. கண் ஒன்று உடைந்து வழிந்தது. மைத்துனன் தடுக்கவே இல்லை. சலித்துப்போனவன் மாதிரி கையை நீட்டி அவன் கணுக்காலைப் பிடித்து, முழங்கால் வரை உள்ளே இழுத்தான்.

பிறகு சட்டத்தில் தட்டினான்.

ஒன்று.

இரண்டு.

டிரைவர் மேடைத் தரையை நகத்தால் பிறாண்டினான். “வேணாம்டா” என்றான்.

மூன்று.

எஞ்சின் உறுமியது. பூட்டியிருந்த கம்பிகள் தாமாகக் கழன்று, சட்டம் வழுக்கி வந்தது. முழங்கால் எலும்பு உடைந்த சத்தம் முதலில் கேட்டது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது. சட்டம் பின்னால் போய் மறுபடி முன்னால் வந்தது. சதை பிய்ந்து, கால் தனியாக விழுந்தது. அவன் புரண்டு வெளியே வந்து பார்த்தபோது வண்டி மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்து கிடந்தது. இருக்கையில் யாரும் இல்லை. ஸ்டியரிங் நிதானமாகத் திரும்பியது.

எடைக்கார அம்மா ஓடிவந்து தன் துப்பட்டாவால் அவன் தொடையை இறுக்கிக் கட்டினாள்.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குக் கம்பெனி மேலாளர் வந்தார். டிரைவரின் மனைவி கட்டில் அருகே நின்றிருந்தாள். வண்டி சோதனைச்சாவடியைத் தாண்டி, சரக்கு இறக்க வேண்டிய கிடங்கின் வாசலில் கோடு பிசகாமல் நின்றிருந்ததாம். யார் ஓட்டிப் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் சாவடியில் கொடுத்த சீட்டு கையில் இருக்கிறது. எந்த அச்சிலும் ஒரு கிலோகூட அதிகமில்லை. அதனால் விசாரணை கிடையாது, பழைய கோப்பையும் யாரும் தொடப்போவதில்லை என்று சொல்லி, சீட்டை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

டிரைவர் கண்ணை மூடினான். போன உயிர் திரும்பி வந்தது மாதிரி இருந்தது.

அவள் சீட்டை அடிவரை படித்தாள். கீழே ஓட்டுநரின் கையெழுத்து இருந்தது. கடைசி எழுத்தின் வால் மேலே சுழித்துப் போயிருந்தது. பள்ளிக்கூட நோட்டுகளிலிருந்தே அவளுக்குப் பழக்கமான கையெழுத்து.

அவள் அழவில்லை. தனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பக்கத்தில் இன்னொன்றையும் இழுத்துப் போட்டாள்.

“உக்காருடா” என்றாள் அந்தக் காலி நாற்காலியிடம். “இவரு சொன்னதை நாலு மாசமா கேட்டுட்டேன். இப்ப நீ சொல்லு.”

டிரைவருக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் மட்டும் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை “ம்” என்றாள்.

பிறகு எழுந்து போய், அறைக்கதவை உள்பக்கமாகத் தாழிட்டாள்.