படத்தில் இருந்த கை

"நீ குசினிக்குள்ளயே நில்லு, ஜெயகௌரி. பிள்ளைக்குக் காப்புப் போட்டு முடிய வரலாம்."

கனகாம்பிகை விடியவே சொல்லிவிட்டாள். லண்டன் குட்மேய்ஸ் வீட்டில் அன்று குழந்தையின் முப்பத்தோராம் நாள். துடக்குக் கழிவு, பிறந்த தீட்டு நீங்கும் சடங்கு. முன்னறையில் ஐயர் கும்பம் வைத்துக்கொண்டிருந்தார்.

பால் பொங்கி வந்தது. ஜெயகௌரி அடுப்பைக் குறைத்தாள்.

கனகாம்பிகை அவள் கணவனின் அக்கா. ஜெயகௌரிக்குப் பிள்ளை இல்லை. அவள் கண் படக்கூடாது என்று எந்தக் காப்புக்கும் அவளை முன்னுக்கு விட்டதில்லை. இது கணவனின் தம்பி துஷாந்தனின் குழந்தை.

"தூக்க மாட்டன் மச்சாள். ஒருக்காப் பாத்திட்டு..."

"வேண்டாம்! நாள் முந்திப் பிறந்த குஞ்சு. தாய்ச் சூட்டிலதான் தப்பினது. அந்தப் படத்தைப் பார்!"

படம் சாமித்தட்டில், முருகனுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு பெண்ணின் நெஞ்சில் குழந்தை படுத்திருந்தது. அவள் முகம் படத்தில் இல்லை. குழந்தையின் முதுகில் ஒரு கை மட்டும். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் எடுத்தது. கனகாம்பிகை அதைத் தோர்ண்டன் ஹீத் முதல் கனடா வரை எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். 'தாயின்ர கையைப் பாருங்கோ' என்று கீழே எழுதியிருந்தாள்.

ஜெயகௌரி சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள்.

பிரசவத்தோடு துஷாந்தனின் மனைவி மிதுஷாவுக்குக் கிருமி இரத்தத்தில் ஏறியிருந்தது. அவள் வேறு வார்டில் நினைவில்லாமல் கிடந்தாள். துஷாந்தனுக்கு இருமல். அவனைக் குழந்தையிடம் விடவில்லை. "அண்ணி, நீங்கள் வாறீங்களே?" என்று அழுதான். "அக்காவுக்கு மட்டும் சொல்லாதேங்கோ. மிதுஷா இப்பிடிக் கிடக்கிறதும் அவவுக்குத் தெரியாது."

ரோல்ஸ் பொரிக்கும் கடையில் அவள் பின்நேர ஷிப்டுக்கு மாறினாள். பகலெல்லாம் வார்டில் இருந்தாள். நேர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். தோலில் ஒருவகை நரம்பு இருக்கிறது. மிக மெதுவானது. அவசரமாகத் தடவினால் அது அசையாது. குளிர்ந்த கைக்கும் அவ்வளவாக அசையாது. சூடான கையால் ஆறுதலாகத் தடவினால், அன்பான ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்று மூளைக்குச் சொல்லும். இதயம் அடங்கும்.

அவள் கையைச் சுடுதண்ணீரில் பிடித்துவிட்டுப் போவாள். குழந்தையை நெஞ்சில் போடுவாள். தடவுவாள். மெசினில் துள்ளிக்கொண்டிருந்த இதயத்துடிப்பு எண் இறங்கி நிற்கும்.

முன்னறையில் குழந்தை வீரிட்டது. கனகாம்பிகை தோளில் போட்டுத் தட்டினாள். ஆட்டினாள். அழுகை கூடியது.

"அக்காட்டைக் குடுங்கோ," என்றாள் மிதுஷா.

"எந்த அக்கா?"

"ஜெயகௌரி அக்கா."

"உனக்கென்ன விசரே! நல்ல நாளில..."

மிதுஷா கணவனைப் பார்த்தாள். "நீங்கள் இன்னும் சொல்லேல்லையா?"

துஷாந்தன் கும்பத்தைப் பார்த்தான். மிதுஷா கனகாம்பிகை பக்கம் திரும்பினாள்.

"மச்சாள், நான் பிள்ளையை முதல் தூக்கினது வீட்டுக்கு வரேக்கதான். அந்தப் படத்தில இருக்கிறது என்ர கையே? கண்ணாடியைப் போட்டு வடிவாப் பாருங்கோ!"

கனகாம்பிகை கண்ணாடியைப் போட்டாள். படத்துக் கையின் மணிக்கட்டில் எண்ணெய் சுட்ட தழும்பு. நீளமாக, கறுத்து.

"ஓம் அக்கா," என்றான் துஷாந்தன். "அண்ணிதான். உங்களுக்குப் பயத்தில..."

ஜெயகௌரி குசினி வாசலில் நின்றாள். சட்டைக் கையை மேலே சுருட்டினாள். அதே தழும்பு.

"ஐயோ... உலகம் முழுக்க அனுப்பிப்போட்டனே!"

"திரும்ப அனுப்புங்கோ," என்றாள் மிதுஷா. "இந்தமுறை பேரைப் போட்டு."

யாரோ சிரித்தார்கள். கனகாம்பிகைக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தையை மிதுஷாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். ஜெயகௌரியின் கையைப் பிடித்தாள். அவள் அந்தக் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"இவ்வளவு நாளும் சாமித்தட்டில வச்சுக் கும்பிட்டது இந்தக் கையைத்தான்... உன்னைக் குசினிக்குள்ள விட்டுட்டு. என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை!"

கண்ணீர் தழும்பில் விழுந்தது. ஜெயகௌரியும் அழுதாள்.

கனகாம்பிகை காப்பை எடுத்து நீட்டினாள். "நீ போடு."

"பொறுங்கோ மச்சாள். கை குளிர்ந்திருக்கு."

ஜெயகௌரி குசினிக்குள் போய்ச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தாள். அவசரப்படவில்லை. முன்னறையில் குழந்தை அழுதது. யாரும் அசையவில்லை.

"நேரம் போகுது," என்றார் ஐயர்.

"போகட்டும் ஐயா," என்றாள் கனகாம்பிகை. "அவள் வரட்டும்."