அரைக்கதவின் மேல் நீண்ட கைகள்

பிள்ளையைக் கொடுத்து முடித்து, விளையாட்டுத் திரையில் விழுந்துகொண்டிருந்த கல்லைச் சரியான பொந்தில் இறக்கிய பிறகுதான், வாங்கிக்கொண்ட கைகளில் கறை இல்லை என்பது டோரீனுக்கு உறைத்தது.

கொழுந்து எடுக்கிற பெண்ணின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கறுத்து வெடித்திருக்கும். சவுக்காரத்துக்கும் போகாது. கல்யாணத்துக்கு மருதாணி வைத்தாலும் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். சற்றுமுன் நீண்ட கைகளோ ஊறிய அரிசியைப் போல வெளுத்து, ஈரமாக இருந்தன.

டோரீன், அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். உத்தரத்தில் முப்பது கொக்கிகள். இப்போது மூன்றில் மட்டும் சேலைத் தொட்டில். மிச்சக் கொக்கிகளில் ஆடியவர்கள் வளர்ந்து கொழும்புக்கும் கட்டாருக்கும் போய்விட்டார்கள். அவளுடைய புருஷனும்தான். கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் போன் எடுப்பான்.

முந்தாநாள் ட்ரங்குப் பெட்டியின் அடியில், விழுகிற கல்லை அடுக்கி ஆடும் அந்தக் கையடக்கப் பிரிக் கேம் அகப்பட்டது. பதினோரு வயதில் அப்பா ஹட்டன் கடைவீதியில் வாங்கிக் கொடுத்தது. இரண்டு பேட்டரி போட்டதும், இருபத்தைந்து வருஷம் சும்மா கண்ணயர்ந்திருந்ததுபோல் விழித்துக்கொண்டது.

இந்த விஷயத்தில் டோரீனுக்கு உறுதியான கருத்துகள் உண்டு. போனில் விளையாடுவது விளையாட்டே இல்லை. நடுவில் எவனாவது கூப்பிடுவான், இல்லாவிட்டால் விளம்பரக்காரி வந்து பல்லைக் காட்டுவாள். பிரிக் கேமுக்குள் ஈ காக்கை கிடையாது. அதற்குச் சொந்த வெளிச்சமும் கிடையாது. வாசலோரம் உட்கார்ந்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துத்தான் ஆட வேண்டும், அதுதான் ஆட்டத்துக்கு மரியாதை. ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைப்பதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்குகிறவன் மனிதனே இல்லை. இதையெல்லாம் எதிர்த்துப் பேச அங்கே ஆளில்லை. இருந்த மூவரில் மூத்தவர்கள் இருவருக்குமே வயது ஒன்றேகால்தான்.

அந்தக் காலத்தில் லயத்து வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் சுற்றி நின்று, "செத்தா எங்கிட்ட குடுடீ" என்று தோளை இடிப்பார்கள். இப்போது அவள் எத்தனை தடவை செத்தாலும் வாங்கிக்கொள்ள ஒருவரும் கை நீட்டுவதில்லை.

இன்றைக்கு மூன்றரை மணிக்கே மூடுபனி இறங்கி, எதிரே நின்ற மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கி, தகரக் கூரையில் சொட்டுச் சொட்டாகக் கனத்து, பால்மாவும் மூத்திரத் துணியும் கலந்த வாடைக்கு மேல் கிணற்றுப் பாசியின் வாடை ஒன்றைப் படியவிட்டு, தொட்டில் கயிறுகள் முனகுகிற சத்தத்தைக்கூட பஞ்சில் சுற்றி வைத்ததுபோல் ஆக்கியிருந்தது. அவள் எட்டாயிரம் புள்ளிகளைத் தாண்டியிருந்தாள். அப்போது திரைமேல் நிழல் விழுந்தது.

அட்டை ஒட்டிய காலோடு தாய்மார் உள்ளே வருவதில்லை. அரைக்கதவுக்கு வெளியே நின்று கை நீட்டுவார்கள், இவள் எடுத்துக் கொடுப்பாள். பதினைந்து வருஷப் பழக்கம். தலையைத் தூக்காமல், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், பக்கத்துத் தொட்டிலிலிருந்து தூங்குகிற பிள்ளையை இடது கையால் வாரி அணைத்துக் கதவுக்கு மேலே கொடுத்துவிட்டாள்.

அது நிலக்ஷியின் பெண். பத்து மாதம்.

"நிலக்ஷி?"

அப்போதுதான் நினைவு வந்தது. வேலை முடிகிற சங்கு இன்னும் ஊதவில்லை. கொழுந்து நிறுக்காமல் எந்தத் தாயும் மலையை விட்டு இறங்க முடியாது.

அரைக்கதவைத் திறந்து பார்த்தாள். சேற்றில் காலையில் பதிந்த செருப்புத் தடங்களில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. புதிய தடம் ஒன்றுமில்லை. போனை எடுத்து நிலக்ஷியைக் கூப்பிட்டாள். மலையில் சிக்னல் இல்லை. ஓடிப்போய்த் தேடலாம் என்றால், உள்ளே சுலக்ஷனாவின் இரட்டைப் பையன்கள் தூங்குகிறார்கள். அவர்களைத் தனியே விட்டுப் போனால், வாசலில் மறுபடி யார் கை நீட்டுவார்கள்?

மாதாவே, நிலக்ஷியாகவே இருக்கட்டும். காய்ச்சல் என்று சொல்லி முன்னாலேயே இறங்கியிருக்கட்டும்.

சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் சுலக்ஷனா வந்து நின்றாள். கறுத்த விரல்கள்.

"என்னா டோரீனக்கா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? அந்தச் சவுக்காரக்கட்டிய வச்சு வெளாடித் தோத்துட்டீங்களா?"

"நிலக்ஷி... முன்னாடியே எறங்கிட்டாளா?"

"எங்க? பக்கத்து நெரையிலதான் நாள் முழுக்க எடுத்தா. தராசுகிட்ட கங்காணியோட மல்லுக்கு நிக்கிறா. இப்ப வந்துருவா."

இடுப்புக்கு ஒன்றாய்ப் பையன்களைத் தூக்கிக்கொண்டு, "ராத்திரிக்கும் ஒக்காந்து தோத்துறாதீங்க" என்று சிரித்தபடி அவள் போனாள். சிரிப்பு பனிக்குள் தேய்ந்தது.

இனி நிலக்ஷியிடம் சொல்ல வேண்டும். உன் பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டேன் என்று. யாரிடம் என்று பார்க்கவில்லை என்று. ஏன் பார்க்கவில்லை என்றும்.

பின்னால் ஒரு கயிறு முனகியது.

டோரீன் திரும்பினாள். மூன்றாவது தொட்டில். கனத்துத் தொங்கியது. ஆடியது.

ஒரு கணம் சிரிப்பே வந்துவிட்டது. கொடுக்கவே இல்லையா? கண் அசந்த கனவா? பக்கத்தில் போனாள். சேலையின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாசி வாடை. தொட்டாள். துணிக்கு வெளியிலேயே சில்லிட்டது.

"அக்கா, புள்ளையக் குடுங்க. கை வெறச்சுப் போச்சு."

அரைக்கதவுக்கு மேலே கைகள். கறை படிந்த, வெடித்த, நிலக்ஷியின் கைகள்.

சொல்லலாம். இப்போதே. ஒரே ஒரு வார்த்தை.

டோரீன் குனிந்தாள். தூக்கினாள். நனைந்த சாக்கின் பாரம். அது அவள் கழுத்தில் முகத்தைப் பதித்துக்கொண்டது. மூச்சு இல்லை. அவள் பார்க்கவில்லை. இரண்டாம் முறையும் தலையைத் தூக்காமலே கொடுத்தாள்.

"ஐயோ, ஈரம் பண்ணிட்டாளா?" நிலக்ஷி அதை இடுப்பில் சுற்றியிருந்த படங்குத் துணிக்குள் பொதிந்து, உச்சியில் முத்தமிட்டாள். "நேத்துத்தான்க்கா மொதப் பல்லு வெட்டிச்சு. ஒங்களுக்குக் காட்டுனாளா?"

இறங்கி நடந்தாள். பிள்ளையின் தலை அவள் காதோடு ஒட்டியிருந்தது. ஏதோ ராகம் இழுத்துக்கொண்டே போனாள்.

மேலே, பனிக்குள், தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து, ஒரு பிள்ளை வீறிட்டது. விக்கியது. மூச்சு வாங்கி மறுபடி வீறிட்டது. தினமும் டோரீன் ஆட்டித் தூங்கவைக்கிற அழுகை.

நிலக்ஷி நிற்கவில்லை.

கூப்பிட வாயைத் திறந்தாள் டோரீன்.

நிலக்ஷியின் தோளில் இருந்தது தலையைத் தூக்கியது. திரும்பிப் பார்த்தது. அவளைப் பார்த்துச் சிரித்தது. மேலே ஒரு வரிசை. கீழே ஒரு வரிசை. ஒரு பல் குறையாமல்.