மூன்றாம் எதிர்மனுதாரர்

"பெட்டிய மேல போடாதீங்கன்னா போடாதீங்க!"

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கொட்டுகிற மழையில் இந்தக் குரல் கேட்டதும், திருமயம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஜன்னல் படுதாவை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான்! முன்படியில் பாதி ஏறிய தகரப் பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்து அமிர்தவல்லி இழுக்கிறாள். மறு கைப்பிடியை விடமாட்டேன் என்கிறார் கண்டக்டர்.

"இம்புட்டுப் பெரிய பெட்டிய உள்ள வச்சா ஆளு எங்கிட்டும்மா உக்கார்றது? உள்ள என்ன தங்கமா, வைரமா?"

"நனையக் கூடாத சாமான்."

அந்த நேரம் பார்த்துப் பின்படியிலிருந்து ஒருவன் இறங்கினான். நெட்டை உருவம், கையில் ஒரு தோல் பை, முகத்தில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வந்தவன் போல ஒரு பொறுமை.

"கண்டக்டர் சொல்றதும் சரிதானுங்க. மேல சாக்கப் போட்டு மூடிட்டா ஒண்ணும் ஆகாது."

அமிர்தவல்லி சுருக்கென்று திரும்பினாள். இமையில் மழைத்துளி தொங்க, கோபத்தில் அந்தக் கண்கள் இன்னும் பெரிதாக... அவன் அடுத்த வார்த்தை சொல்ல மறந்து அப்படியே நின்றான்.

"ஒங்ககிட்ட யாராச்சும் யோசனை கேட்டாங்களா?"

கேட்கவில்லைதான். அதை அவன் ஒப்புக்கொள்வதற்குள் பெட்டியின் நாதாங்கி தெறித்தது. பெட்டி வாயைப் பிளந்தது. பஸ்ஸின் உள்ளே ஒரு மண்டை ஓடு உருண்டு போய், வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த காத்தாயியின் காலடியில் நின்றது.

"ஐயோ ஆத்தா... பொணம்!"

அப்புறம் கேட்க வேண்டுமா? பாதி பஸ் முன்படியில், பாதி பஸ் பின்படியில். கண்டக்டர் கைப்பிடியை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"யாரும் பயப்படாதீங்க! நான் டாக்டரு. காலேஜ்ல பாடம் நடத்துற எலும்பு இது, யாரையும் ஒண்ணும் பண்ணாது!" என்று அமிர்தவல்லி கத்தினாள். மெட்ராஸ் காலேஜில் பின்பெஞ்சு வரை எட்டிய குரல். கூட்டம் கொஞ்சம் அடங்கியது.

நெட்டையன் மட்டும் பயப்படவில்லை. குனிந்து, சிதறிய எலும்புகளைப் பொறுக்கித் துண்டால் துடைத்து அடுக்க ஆரம்பித்தான்.

"நானும் டாக்டர்தானுங்க. இந்தாங்க, வலது காறை எலும்பு."

"இடது."

"வலதுங்க."

"இடதுங்கறேன்! தட்டை முனை தோள்பக்கம் போகணும். பள்ளம் கீழ பாக்கணும். வளைவு முன்னால துருத்தணும். இப்ப வச்சுப் பாருங்க."

அவன் தன் கழுத்தடியில் அந்த எலும்பை வைத்துப் பார்த்தான். திருப்பினான். மறுபடியும் வைத்தான். காது மடல் சிவந்துவிட்டது.

"இடதுதான்..."

பஸ்ஸே சிரித்தது. காத்தாயி தன் கழுத்தைத் தடவிப் பார்த்து, "எனக்கும் இருக்காடி ஆத்தா இது?" என்று கேட்டாள். அவளுக்கும் அமிர்தவல்லி தொட்டுக் காட்டினாள். பெட்டி பஸ்ஸுக்குள்ளேயே வந்தது.

பஸ் நகர்ந்தது. பெட்டிக்கு இந்தப்பக்கம் அவள், அந்தப்பக்கம் அவன். மழை படுதாவை அடித்துக்கொண்டே வந்தது. திருட்டுத்தனமாக ஒரு பார்வை... அவள் பார்த்தால் அவன் வெளியே பார்க்கிறான், அவன் பார்த்தால் அவள் எலும்பைத் துடைக்கிறாள்.

"எந்தக் காலேஜ்ல பாடம் எடுக்குறீங்க?"

"எடுத்தேன். இப்ப இல்ல."

அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனசில் கிடந்து கொதித்ததெல்லாம் அவளையும் மீறிக் கொட்டியது. அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு உதவி விரிவுரையாளர் வேலை. மூன்று வருடம் பாடம் நடத்திய அனுபவம் வேண்டும் என்றது விதி. அவளுக்கு அதற்கு மேலேயே இருந்தது. தேர்விலும் அவளுக்குத்தான் முதல் மார்க். ஆனால் அவள் பார்த்தது தற்காலிக வேலையாம், அது கணக்கில் வராதாம்! தகுதி இல்லை என்று தேர்வுக் குழு பெயரை அடித்துவிட்டது. பொம்பளை டாக்டர் கல்யாணமானால் போய்விடுவாள் என்று சொல்லிச் சொல்லியே நிரந்தரம் பண்ணாமல் வைத்தவர்களும் அவர்கள்தான், நிரந்தரம் இல்லையே என்று தள்ளியவர்களும் அவர்கள்தான்!

"டெம்பரரியாப் பாடம் எடுத்தா பசங்க மண்டையில டெம்பரரியாவாங்க ஏறும்? அதான் ஹைகோர்ட்டுல ரிட் போட்டு ஸ்டே வாங்கிட்டேன்."

அவன் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது. அவள் கவனிக்கவில்லை.

"என் எடத்துல யாரோ உடையப்பனாம். கேஸ்ல மூணாம் எதிர்மனுதாரர். மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல. காறை எலும்புல எது இடது எது வலதுன்னாச்சும் அந்த மனுஷனுக்குத் தெரியுமோ என்னமோ..."

"தெரியாதுங்க" என்றான் அவன். "இப்பத்தான் நீங்க சொல்லித் தந்தீங்க."

அமிர்தவல்லிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் சூடேறியது. கடவுளே, ஊரில் எத்தனையோ பஸ் இருக்க, இந்த பஸ்தானா! பெட்டியை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். திருமயம் வரும் வரை அவள் படுதாவைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

அவள் அப்பா முத்துராமன் குடையோடு காத்திருந்தார். புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்தபோது தலைமைக் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போயிற்று, அந்தக் கோர்ட்டும் போயிற்று, மனுஷரை விட்டுக் கோர்ட்டுப் பழக்கம் மட்டும் போகவில்லை. மகள் சொன்னதைக் கேட்டு உடையப்பனை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"கந்தர்வக்கோட்டைப் பக்கமுங்க. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில இருக்கேன். காலரா ஊசி போட இங்கிட்டு ஒரு வாரம் அனுப்பிருக்காங்க."

"நல்லா வேலையப் பாருங்க. ஆனா கேஸு முடியிற வரைக்கும் எதிர்க்கட்சி நம்ம வீட்டுல கை நனைக்கிறதில்ல, நாமளும் அவுக வீட்டுல கை நனைக்கிறதில்ல. அது எங்க பழக்கம். தப்பா எடுத்துக்காதீங்க."

"சரிங்கய்யா" என்று அவன் மழையில் நனைந்துகொண்டே போனான். குடையில் இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது. அதை ஏன் நினைத்தோம் என்று அமிர்தவல்லிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் வேறு கூத்து. பள்ளிக்கூட வராந்தாவில் ஊசி போட மேசை போட்டாயிற்று. பெண்களில் ஒருத்திகூட வரவில்லை. ஆம்பளை டாக்டரிடம் கையை நீட்ட மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். பக்கத்து ஊரில் காலரா நடமாடுகிறது, வழக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா? அமிர்தவல்லி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு போய் இன்னொரு மேசையில் உட்கார்ந்தாள். ஆனால் எதிர்க்கட்சியோடு பேச்சு மட்டும் கிடையாது! நடுவில் மாட்டிக்கொண்டவர் கம்பவுண்டர் மரியசெல்வம்.

"மரியசெல்வம், மூணாம் எதிர்மனுதாரர்கிட்ட ஸ்பிரிட் வாங்கித் தாங்க."

"மனுதாரரம்மா ஸ்பிரிட் கேக்குறாங்க சார்."

"குடுங்க. மனுதாரரம்மா ரொம்ப நேரமாத் தண்ணி குடிக்கலன்னும் சொல்லுங்க."

"அது அவுகளுக்கு எதுக்காம்னு கேளுங்க!"

"நீங்க ரெண்டு பேரும் ஒங்களுக்குள்ளயே பேசிக்கிட்டா என் தொண்டை பொழைக்கும்" என்றார் மரியசெல்வம். வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மத்தியானமானால் எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். உடையப்பன் மட்டும் தூணோரம் உட்கார்ந்து வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருப்பான். அப்பா சொன்ன சொல் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வழக்கு நடக்கிற வீட்டுக்குப் பயந்து யாருமே அவனுக்கு ஒரு வாய் சோறு போடவில்லை. வீட்டில் மீன் குழம்பும் சோறும் முன்னால் இருக்க, அமிர்தவல்லிக்குக் கவளம் இறங்க மறுத்தது. அவனுக்கு ஊசி போடத் தெரியும், குழந்தையை அழாமல் பார்த்துக்கொள்ளத் தெரியும், ஒரு நாளும் முகம் சுளிக்கத் தெரியாது. இவனைப் போய் எதிர்மனுதாரராகப் போட்டோமே... ச்சே, என்ன நினைப்பு இது!

வார முடிவில், மேசையை மடக்கும்போது அவன் நேராகவே வந்து நின்றான். மரியசெல்வத்தைக் கூப்பிடவில்லை.

"ஒரு வார்த்தைங்க. நான் அந்த வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன். நீங்க எப்படிப் பாடம் சொல்லுவீங்கன்னு என் கண்ணால பாத்துட்டேன். அந்த நாற்காலி ஒங்களுக்குத்தான்."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான் பாவம். அவள் கண்கள் அனலாகிவிட்டன.

"பிச்சை போடுறீங்களா?"

"ஐயோ, அப்படியில்ல..."

"நீங்க விலகிட்டா என்ன ஆகும் தெரியுமா? ஆளே இல்லாத தேர்வுக்குக் கேஸ் எதுக்கும்பாங்க. தள்ளுபடி! டெம்பரரியாப் பாத்த வேலை அனுபவமா இல்லையான்னு எந்த ஜட்ஜும் சொல்ல மாட்டாரு. அடுத்த வருஷம் இன்னொருத்தி போவா, அவ பேரையும் அடிப்பாங்க. என்னோட படிச்சவங்க எத்தனை பேரு இப்படிக் கெடக்காங்க தெரியுமா?" அவள் குரல் உடைந்தது. "எனக்கு நீங்க குடுக்குற வேலை வேண்டாம். நான் ஜெயிச்ச வேலை வேணும். சண்டை போடுங்க! நல்லா, முழுசா, சண்டை போடுங்க. பொய் மட்டும் சொல்லாதீங்க."

அவன் அவளைப் பார்த்தபடியே நின்றான். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை, மரியாதை இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவளுக்குத்தான் தலை குனிந்தது.

"சரிங்க. போடுறேன்" என்றான்.

சொன்ன சொல் தவறவில்லை. அவன் சார்பில் தாக்கலான பதில் மனுவின் நகல் வந்தபோது முத்துராமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். விதியை வைத்து முடிந்த மட்டும் வாதாடியிருந்தான். தற்காலிக டாக்டர்கள் எலும்பை எடுத்து வைப்பதோடு சரி, பாடம் நடத்துவதில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்களாம் தேர்வுக் குழுப் பெரியவர்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டானாம். வக்கீல் ஆபீசிலிருந்து அந்தச் செய்தியும் காற்றோடு வந்தது.

"யோக்கியமான எதிரி தாயி" என்றார் முத்துராமன். சமஸ்தானக் கோர்ட்டு காலத்திலிருந்து அவர் எதிர்க்கட்சியைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அமிர்தவல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. ஜெயிக்க வேண்டும், உயிரே போனாலும் ஜெயிக்க வேண்டும். ஆனால் தோற்கப் போகிறவன் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது?

மாதங்கள் ஓடின. தீர்ப்பு சொல்கிற அன்று மெட்ராஸ் வக்கீலிடமிருந்து தந்தி வரவில்லை. மறுநாள் காலையும் வரவில்லை. அன்றைக்குத் திருமயத்தில் சந்தை. தபாலாபீசில் கேட்டுவிட்டு, அவள் அப்பாவோடு சந்தை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த பஸ் நிற்பதற்கு முன்பே ஒருவன் குதித்தான். கசங்கிய சட்டை, ராத்திரி முழுக்க ரயிலில் வந்த கண்.

"ஜெயிச்சாச்சு!" என்று கத்தினான். "ஜெயிச்சாச்சுங்க!"

உடையப்பன்!

கத்தரிக்காய் விற்றவர், காளை மாடு பிடித்திருந்தவர் எல்லோரும் திரும்பினார்கள்.

"யாரு தம்பி ஜெயிச்சா?"

"நம்ம அமிர்தவல்லி டாக்டரு!"

"அப்ப தோத்தது யாரு?"

"நான்தான்யா!"

சந்தையே சிரித்தது. அவன் அவள் முன்னால் வந்து மூச்சு வாங்க நின்றான்.

"தந்தி வர்றதுக்குள்ள நானே சொல்லணும்னு ஓடி வந்தேன். விதியில இல்லாத 'நிரந்தரம்'ங்கிற சொல்லைச் சேக்கிறதுக்குக் குழுவுக்கு அதிகாரம் இல்லையாம். நிரந்தரமோ தற்காலிகமோ, பாடம் நடத்துன காலம் பாடம் நடத்துன காலந்தானாம். தேர்வு ரத்து. முதல் மார்க் வாங்குன ஒங்களையே நியமிக்கச் சொல்லிட்டாரு ஜட்ஜு. கோர்ட்டுல ரெண்டு லேடி டாக்டருங்க ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் புடிச்சு அழுதாங்க. அடுத்த வருஷம் அவங்களும் மனு போடுவாங்களாம்!"

அமிர்தவல்லி முகத்தை மூடிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எத்தனை வருஷத்துக் கொதிப்பு! தகுதி இல்லை என்று யாரும் இனிச் சொல்ல முடியாது. யாராலும் முடியாது!

முத்துராமன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தோளைத் தொட்டார்.

"கேஸு முடிஞ்சிருச்சு தம்பி. எங்க வீட்டுல வந்து கை நனைக்கணும். மறுக்கப்படாது."

சொல்லிவிட்டு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பெரிய மனுஷன், திரும்பியே பார்க்கவில்லை.

பின்னால் இருவரும் மெல்ல வந்தார்கள். நல்ல வெயில். அவன்தான் ஆரம்பித்தான்.

"கேஸ் நடக்கையில சொல்லியிருந்தா, மயக்கி விட்டுக்குடுக்க வைக்கப் பாக்குறான்னு நெனைப்பீங்க. நான் ஜெயிச்சிருந்தா சொல்ல மூஞ்சி இருந்திருக்காது. இன்னைக்குத்தாங்க சொல்ல முடியும்..." அவன் நின்றுவிட்டான். "எனக்கு ஒங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. தோத்தவனைக் கட்டிக்கிறதுக்கு ஒங்களுக்குச் சம்மதமா?"

அவள் இதயம் அடித்துக்கொண்ட சத்தம் அவனுக்கே கேட்டிருக்கும். ஆனாலும் நிமிர்ந்தாள். அந்தப் பெரிய கண்களை அவன் கண்களில் நிறுத்தினாள்.

"எனக்கு அந்த வேலை வேணும்."

"தெரியும்."

"நீங்களும் வேணும்." சொல்லிவிட்டாள்! கன்னம் தீயாய்ச் சுட்டது, ஆனால் குரல் நடுங்கவில்லை. "ரெண்டுல எதையும் நான் விட மாட்டேன்."

"யாருங்க ஒங்கள விடச் சொன்னா?" என்றான் உடையப்பன்.