நட்சத்திர எழுத்தில் ஒரு கேசட்

“எடுத்தது என் வீட்டுக்காரர்தான். அவர் வாயாலயே ஒத்துக்க வைங்க, அது போதும்” என்றாள் பல் மருத்துவமனை நர்ஸ்.

துப்பறிவாளர் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். வழக்கு என்றாலே கால் தரையில் பாவாத அவருடைய மச்சான் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராகிவிட்டான்.

‘இருள்வெளிக் கப்பல்’ என்ற விண்வெளித் தொடர் அவள் பள்ளி நாளில் தொடங்கியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பழைய அத்தியாயம் ஒன்று தொலைக்காட்சி நிலையத்திலேயே அழிந்துபோயிற்று. அன்று டிவிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து அவளும் அண்ணனும் பதிந்த ஒலி மட்டும் ஒரு கேசட்டில் பிழைத்திருந்தது. அதை ரசிகர் மன்ற விழாவில் போட்டுக் காட்டுவதாக இருந்தாள். நேற்று அது காணாமல் போய்விட்டது.

“பக்கத்தில உட்கார்ந்து அண்ணன் சிரிச்சதும் அதுல பதிஞ்சிருக்கு. அவன் செத்ததுக்கப்புறம் அதைக் கேட்கிற தெம்பு எனக்கு வரலை. சிரிப்பு இருக்கிற விஷயத்தை யார்கிட்டயும் சொன்னதில்லை, வீட்டுக்காரர்கிட்டகூட.”

நேற்று அவள் வேலைக்குப் போயிருந்தபோது கணவர் வீட்டில் இருந்தார். டேப் ரெக்கார்டரைப் பழுதுபார்க்க ரேடியோ மெக்கானிக் வந்தார். விழாவுக்குப் படங்கள் வாங்க மன்றத் தலைவர் வந்தார்.

அவளுடைய அறையில் சுவர் நிறையக் கேசட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் கொக்கியும் புள்ளியுமாக ஏதோ எழுதியிருந்தது.

“என்ன இது, கோழி கிளறின மாதிரி?” என்றான் மச்சான்.

“நட்சத்திர எழுத்து. தொடர்ல வர்ற மொழி. மன்றத்து ஆளுங்களைத் தவிர யாருக்கும் படிக்கத் தெரியாது” என்று வெடுக்கென்று சொன்னாள்.

அலமாரித் தட்டில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. மற்றவற்றின் மேல் தூசி கலையவில்லை.

“புருஷன்காரர்தான் அத்தான்” என்று கிசுகிசுத்தான் மச்சான். “போன வாரம்கூட எல்லாத்தையும் குப்பையில போடுறேன்னு குதிச்சாராம்.”

துப்பறிவாளர் மூவரையும் கூடத்துக்கு வரவழைத்தார். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். மெக்கானிக், “நான் மிஷினை மட்டும்தான் தொட்டேன் சார்” என்றார். தலைவர் நர்ஸிடம் உருகினார்: “அண்ணனோட சிரிப்பு இருக்கிற கேசட்டை எடுக்க யாருக்கும்மா மனசு வரும்?”

நர்ஸ் சட்டென்று நிமிர்ந்தாள். துப்பறிவாளர் கையமர்த்தினார்.

“கோபத்தில எடுக்கிறவர் கையில கிடைச்சதை அள்ளுவார். இங்க அத்தனை கேசட்டுக்கு நடுவுல சரியா ஒண்ணு மட்டும் போயிருக்கு. முதுகில இருக்கிறதைப் படிக்கத் தெரிஞ்சவர்தான் அதை எடுத்திருக்க முடியும். இவங்க வீட்டுக்காரருக்கோ மெக்கானிக்குக்கோ அந்த எழுத்து தெரியாது. போகட்டும், அதுல சிரிப்பு இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும் தலைவரே? கேட்டவருக்குத்தானே தெரியும்?”

தலைவரின் முகம் வெளிறியது. பையிலிருந்து கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“அழிக்கத்தான் எடுத்தேன். மனசு வரலை. அந்த அத்தியாயத்தில கேப்டன் திரும்பி வந்து எல்லாரையும் காப்பாத்தினார்னு இத்தனை வருஷமா மேடையில சொல்லிட்டிருக்கேன். நான் அதைப் பார்த்ததே இல்லைம்மா. நிஜத்தில அவர் விட்டுட்டு ஓடிடுறார். போட்டுக் காட்டாதீங்க.”

“உங்க மானத்துக்காக என் அண்ணன் குரலை அழிக்கப் பார்த்தீங்களா?” என்று சீறினாள். “விழாவுல இது முழுசா ஓடும். முன் வரிசையில உட்கார்ந்து கேளுங்க. இப்ப வெளியே போங்க!”

எல்லோரும் போனபின் கேசட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கணவரிடம் வந்தாள். “மன்னிச்சிடுங்க.”

அவர் திரும்பவில்லை. “திருடன்னு நீ கத்தினப்போ தெருவே கேட்டுச்சு. மன்னிப்பு மட்டும் என் காதுக்குள்ளயா?”

அவளுக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. அதே கோபத்தோடு விடுவிடுவென்று போய்க் கதவைத் திறந்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள்:

“என் வீட்டுக்காரர் எடுக்கலை! நான்தான் அவரைத் தப்பாச் சொல்லிட்டேன்!”